மீட்டர் ஓடட்டும்

கேமரன் மலையில் விமான நிலையம் இல்லை. ஆகையால் ரிங்லெட், ஹாபு, பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் ஒருவர், தமிழகத்து உறவினரைக் கண்டு, குலதெய்வத்தையும் தரிசித்துவிட்டுத் திருச்சியிலிருந்து விமானம் ஏறித் திரும்புவாராயின், அவர் முதலில் வந்து இறங்குவது சிப்பாங் விமான நிலையத்தில்தான். அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் கடந்து கோலாலம்பூரை அடைந்து, பேருந்து பிடித்து, தாப்பாவுக்கு அப்பால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலேறும் மலைச்சாலையைத் தாண்டினால்தான் தானா ராத்தா கண்ணில் படும். விமானத்துக்கும் பேருந்துக்கும் கட்டணம் அச்சிட்ட சீட்டு உண்டு. இடையிலுள்ள டாக்சிப் பிரயாணம் ஒன்றுதான் இன்றுவரை வாய்ப்பேச்சுக்கும் பேரத்துக்கும் வசப்பட்டுக் கிடக்கிறது. இது நீங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கொழுந்தின் எடை கூலியை நிர்ணயித்த வாழ்க்கையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அளவையின் பெருமையைப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் துவக்கிய போ தேயிலைத் தோட்டத்திலும், அதன்பின் அந்த மலைச்சரிவுகளில் எழுந்த தோட்டங்களிலும், நம் பாட்டிமார் முதுகுக் கூடையை இறக்கி வைத்துத் தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள். எழுத்தறியாதவளும் முள்ளை அறிவாள். டாக்சியின் மீட்டரும் அத்தகைய தராசுதான். 1891-இல் ஜெர்மானியரான புரூன் அதை அமைத்த நாள் முதல் அதன் விசேஷ தர்மம் ஒன்றே: ஓட்டுநர், பிரயாணி ஆகிய இருவரில் எவருக்கும் அந்த எண் சொந்தமன்று, இருவர் கண்ணுக்கும் அது ஒரே சமயத்தில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

சிப்பாங் விமான நிலையத்தில் முகப்பில் பணம் கட்டிக் கூப்பன் பெறும் முறை உண்டு. பேரத்தைக் காட்டிலும் அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த முகப்பை அடையுமுன்னரே, தள்ளுவண்டியில் மூட்டைகளோடு மலைத்து நிற்கும் முதியவளை “வாங்கம்மா, டாக்சி இருக்கு” என்று நம் மொழியிலேயே அழைத்துச் சென்று, பாதி வழியில் தொகையைச் சொல்லும் தரகர்கள் ஒழிந்தபாடில்லை. தாய்மொழியைத் தூண்டிலாக்கும் அந்தச் செயலை என்னால் மன்னிக்க இயலவில்லை.

எனினும் குற்றம் முழுவதையும் ஓட்டுநர் தலையில் சுமத்துவது அநியாயம். இந்நாட்டில் நெடுங்காலம் டாக்சி உரிமங்கள் நிறுவனங்களின் கைவசம் இருந்தன. ஓட்டுநரோ சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றாடம் வாடகை செலுத்திவிட்டு, மிஞ்சியதில் ஜீவனம் நடத்த வேண்டியவராக இருந்தார். அரசு நிர்ணயிக்கும் கட்டணமோ விலைவாசியோடு சேர்ந்து நகர்வதில்லை. இதன் விளைவைச் சென்னையில் தெளிவாகக் காணலாம். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பின்னர் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று விதித்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, பத்தாண்டு கடந்தும் அந்தத் தொகை திருத்தப்படாமலே நின்றது. மீட்டரும் வண்டியில் வெறும் அலங்காரமாயிற்று. கட்டணத்தை உறையவிட்ட சர்க்கார்தான் அங்கே மீட்டரைக் கொன்றது என்பேன்.

இப்போது கைப்பேசிச் செயலி வந்துவிட்டதே, மீட்டர் எதற்கு என்பர் சிலர். கோலாலம்பூர் டாக்சிகளைப் பற்றிய மனக்குறையிலிருந்துதான் 2012-இல் மைடெக்சி பிறந்து, பின்னர் கிராப் என வளர்ந்தது. 2019 ஜூலையில் செயலிவழி ஓடும் வண்டிகளும் உரிம விதிகளுக்கு உட்பட்டன. ஏறுமுன்னரே தொகை தெரிவது பெரும் சௌகரியம். அதனால் நன்மை அடைந்தோர் பலர். ஆனால் மழை பெய்தால் ஒரு விலை, தீபாவளிக்கு முந்தின இரவில் வேறொரு விலை என்று அதே தூரத்துக்குத் தொகை மாறுவதன் கணக்கு, பிரயாணிக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது. தராசு இருக்கிறது; முள் மட்டும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. கைப்பேசியைக் கையாளப் பழகாத முதியவர்களுக்கோ அந்தத் தராசே இல்லை.

தரைப் போக்குவரத்து அதிகாரிகள் செய்யக்கூடியவை அரிய காரியங்கள் அல்ல. எரிபொருள் விலையையும் வாகனச் செலவையும் கணக்கிட்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை, எவரும் போராடிக் கேளாமலே மீட்டர் கட்டணத்தைத் திருத்த வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் வழங்குவதுபோல, விமான நிலையத்துக்குரிய கூடுதல் தொகையை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, மற்றதை மீட்டருக்கே விட்டுவிடலாம். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரைக்குமான 50 விழுக்காட்டுக் கூடுதலும் டோல் கட்டணமும் ரசீதில் தனித்தனியே அச்சாக வேண்டும். சுங்கச் சோதனையைக் கடந்து வெளிவரும் வாயிலிலேயே, கோலாலம்பூருக்கு ஏறக்குறைய எத்தனை வெள்ளி ஆகும் என்பதையும், மலைக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் ரயிலேறிப் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால் பேருந்து முனையம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும், மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகையாக எழுதி வைக்கட்டும்.