கொடி அடுப்பும் கார் ஹீட்டரும்

டொராண்டோவில் பெண் வீட்டுக்குப் போயிருக்கும் மயிலாப்பூர் வாசகி ஒருவர் எழுதுகிறார்: "இந்த ஜனவரிக் குளிரில் பெண்ணும் நானும் காரில் ஏறினால், ஹீட்டரிலிருந்து ஜில்லென்று காற்று வருகிறது. வண்டி ஓடும்போது கொஞ்சம் கதகதப்பு. சிக்னலில் நின்றால் பழைய குருடி கதவைத் திறடி! மாப்பிள்ளையோ, 'இன்னும் இரண்டு மாதம்தானே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்' என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?"

விடக் கூடாது, அம்மா. மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையோடுதான் சொல்கிறேன்.

பாட்டி காலத்துச் சமையலறையில் பெரிய அடுப்பை ஒட்டிக் கொடி அடுப்பு என்று ஒன்று இருக்குமே, நினைவிருக்கிறதா? அதற்கென்று தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அதில் வெந்நீர் காய்ந்துவிடும். பெட்ரோல் காரின் ஹீட்டரும் கொடி அடுப்புதான். எஞ்சின் கொதித்துப் போகாமல் இருக்க, 'கூலண்ட்' என்ற திரவம் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 90 டிகிரி சென்டிகிரேடை எட்டுகிறது. அதில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள 'ஹீட்டர் கோர்' என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன்மேல் விசிறி காற்றை ஊதினால் வெதுவெதுப்பு. அவ்வளவுதான் சூட்சுமம். (மின்சாரக் காரின் கதை வேறு.)

ஆகவே, கொடி அடுப்பு ஆறிப் போனால் பெரிய அடுப்பைப் போய்ப் பார்க்க வேண்டாமா? ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்றால் முதல் சந்தேகம் கூலண்ட் குறைந்துவிட்டது என்பதுதான். வண்டி ஓடும்போது பம்ப் வேகமாகச் சுழன்று இருக்கிற திரவத்தை எப்படியோ தள்ளிவிடுகிறது. நின்றால் அதற்குத் தெம்பில்லை, குழாயில் காற்று புகுந்துகொள்கிறது. குறைந்த திரவம் எங்கேயோ ஒழுகித்தானே போயிருக்க வேண்டும்? இன்று ஹீட்டருக்குப் போதாத திரவம் நாளை எஞ்சினுக்கும் போதாது. எஞ்சின் கொதித்து அதன் தலைப்பாகம் கோணிக்கொண்டால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு மொய்!

சோதிப்பது சுலபம். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பானட்டைக் காலையில் திறந்து, கூலண்ட் தொட்டியைப் பாருங்கள். மின், மாக்ஸ் என்று இரண்டு கோடுகள் இருக்கும். திரவம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள். ஆவி அடங்காத பிரஷர் குக்கரைத் திறப்பீர்களா?

இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று காலை வாரிவிடும். சென்னையில் ரேடியேட்டர் காய்ந்தால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கொண்டு கிளம்பிவிடுகிறோம். டொராண்டோவில் அப்படிச் செய்தால் இரவில் அது உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். கூலண்டையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால்தான் மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் இருக்கும். எந்த ரகக் கூலண்ட் என்பதை நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், காரோடு வந்த கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். ஒழுகலை அடைக்கும் மருந்து என்று கடையில் விற்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடக்கூடும்.

கூலண்ட் சரியாக இருந்தும் குளிர்காற்றே வந்தால்? கால் மணி ஓட்டிய பிறகும் உஷ்ணம் காட்டும் முள் அடியிலேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் அதிகச் செலவில்லாத வேலை. முள் சரியாக நிற்கிறது, டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று ஏதோ முனகுகிறது என்றால், சூட்டுக் காற்றையும் குளிர்காற்றையும் கலந்துவிடும் சிறு கதவு மாட்டிக்கொண்டிருக்கும். காருக்குள் தித்திப்பான வாசனை, முன் கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பு, கால் விரிப்பில் ஈரம் என்றால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. இதுதான் பர்ஸைப் பதம் பார்க்கும். அநேகக் கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். பின் இரண்டையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் 'ஹீட்டர் சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், எப்போது சூடு, எப்போது குளிர், முள் எங்கே நின்றது என்று சொல்லுங்கள். பாதி வேலை குறையும்.

மாப்பிள்ளையிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. முன் கண்ணாடியில் படியும் பனியையும் ஆவியையும் விரட்டுவதும் இதே ஹீட்டர்தான். ஸ்வெட்டரை உங்களுக்குப் போடலாம், கண்ணாடிக்குப் போட முடியுமா?

சரிசெய்து முடிந்ததும் தரையில் சிந்திய கூலண்டை உடனே துடைத்துவிடச் சொல்லுங்கள். எத்திலீன் கிளைகால் கலந்தது என்றால் தித்திக்கும். ஆனால் கொடிய விஷம். வீட்டில் பேரக் குழந்தை தவழ்கிறதோ, பூனை நாய் வளர்க்கிறீர்களோ, மிச்சமுள்ள டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.