பேருந்தில் ஏறட்டும் ஊரின் கவிதை

நுழையும்முன்
நாள்தோறும் ஒரே பேருந்தில் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்கிறோம். ஆயினும், இறங்கும்வரை அயலவராகவே இருந்துவிடுகிறோம். அயலவரை உறவாக்கும் ஆற்றல் கவிதைக்கு உண்டா? உண்டெனில், அக்கவிதை எங்கிருந்து வரவேண்டும்?

நகரும் பாடப்பலகை
1967இல் அமைந்த அண்ணாவின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறையை ஏற்றிருந்த மு. கருணாநிதி, பேருந்துகளில் திருக்குறளை எழுதச் செய்தார். பள்ளிப் படிப்பைத் தொடர இயலாதவருக்கும் பேருந்து ஒரு நகரும் பாடப்பலகை ஆயிற்று. இலண்டன் சுரங்கத் தொடர்வண்டிகளில் 1986இல்தான் கவிதைகள் இடம்பெறத் தொடங்கின. இவ்வகையில் தமிழ்நாடு உலகிற்கு முன்னோடி எனலாம்.

ஆனால், இலண்டனில் பழங்கவிஞரோடு இன்றைய கவிஞரும் இடம்பெறுகின்றனர். கவிதைகள் அவ்வப்போது மாறுகின்றன. நாமோ குறளோடு நின்றுவிட்டோம். குறள் எல்லார்க்கும் பொது. அது நிலைக்கட்டும். அதனருகே, பேருந்து கடந்து செல்லும் ஊரின் கவிதையும் இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டு ஊர்கள், ஒரு வழித்தடம்
இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி ஓடும் இவ்வழித்தடத்தில் ஆலைத் தொழிலாளர், மாணவர், வணிகர் எனப் பலரும் பயணிக்கின்றனர். தமிழோடு தெலுங்கும் வீட்டுமொழியாக வழங்கும் பகுதி இது.

திருவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஊர். அவ்வாண்டாளின் வரலாற்றைக் கிருட்டிணதேவராயர் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். அக்காவியத்தைத் தமிழுக்குத் தந்தவர் இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாதராஜா, அப்பணிக்காக 1989ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். ஓர் ஊரில் பிறந்த தமிழ், தெலுங்கு வழியாகச் சுற்றிவந்து அடுத்த ஊரில் மீண்டும் தமிழாயிற்று. அவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் பேருந்தில் இவ்வரலாற்றை உணர்த்தும் ஒருவரிகூட இல்லாதது குறையன்றோ? இருமொழியினரும் அருகருகே அமர்ந்து அதைப் படித்தால், மொழி தங்களைப் பிரிக்கவில்லை என்பதை உணர்வர்.

ஐயமும் விடையும்
‘கைப்பேசியில் மூழ்கியிருப்போர் கவிதையைப் படிப்பரா?’ என்று சிலர் வினவலாம். எல்லாரும் படிக்கமாட்டார். எனினும், தம் ஊர்ப்பெயரைக் கண்டால் கண் தானே நிற்கும். ஒருவர் நிமிர்ந்து அருகிலிருப்பவரிடம் ஒரு சொல் கேட்டாலும் அது தொடக்கமே.

‘எவர் கவிதையைத் தேர்ந்தெடுப்பது?’ என்பதே கடினமான வினா. செல்வாக்குடையோரின் புகழ்ப்பலகையாக அது மாறினால் நோக்கமே சிதையும். ஆகவே, தமிழாசிரியர், நூலகர், நடத்துநர், பயணியர் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். கவிதை எளிதாகவும் நான்கைந்து அடிகளுக்கு மிகாமலும் இருத்தல் நன்று. மூன்று திங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஆழ்வாரின் அருகே ஆலைத் தொழிலாளியும், தெலுங்குக் கவிஞரின் அருகே பள்ளி மாணவியும் இடம்பெற வேண்டும். எழுதியவர் பெயரோடு அவர்தம் ஊரின் பெயரும் பொறிக்கப்பட வேண்டும்.

ஊர் என்பது வீடுகளின் தொகுப்பு மட்டுமன்று. ஒருவர் சொல்லை மற்றவர் மதித்துக் கேட்கும் இடம். மாணவர்களே! நாளை நீங்கள் ஏறும் பேருந்தில் ஒரு வெற்றுப்பலகை இருந்தால், உங்கள் ஊரைப் பற்றி அதில் எதை எழுதுவீர்கள்? இன்றே எழுதிப் பாருங்கள்.