குப்பைமேட்டு வாசல்

பெரியாறு அணையைக் கிறிஸ்தவத்தின் கொடை என்று நிறுவ முயன்று, அந்தக் கொடைக்குக் கைம்மாறாகச் சபையார் எல்லாரும் ஒரே பக்கம் வாக்களித்து அதிகாரத்தில் பங்கு கேட்க வேண்டும் என்று முடியும் கட்டுரையொன்று அண்மையில் ஒரு சகோதர இதழில் வந்திருக்கிறது. எங்கள் வாசகர்களில் பலரும் அதை மெச்சியிருக்கிறார்கள். எங்களால் முடியவில்லை. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887-இல் வேலை தொடங்கி, 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது. அந்தப் பணம் குடியானவன் கட்டிய தீர்வை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களின் மதத்தை யாரும் கேட்டதில்லை. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைப்பது விவசாயியின் நன்றி. அதைச் சபையின் வரவுக் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. மதுரையில் மிஷன் மருத்துவர் வான் ஆலன் எழுப்பிய மிஷன் மருத்துவமனைக்கும் பெரும்பணம் தந்தவர்கள் உள்ளூர் இந்துச் செல்வந்தர்கள்தான். கொடை என்று பேசத் தொடங்கினால் நாம் கொடுத்ததைவிட வாங்கியதே அதிகமாக நிற்கும்.

கட்டியவர் யார் என்று கேட்கிறவர்கள், கட்டியதைக் காத்தவர் யார் என்று ஏன் கேட்பதில்லை? எங்களைப் பழமைவாதிகள் என்று சொல்வதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. இருப்பதைப் பழுதுபார்த்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதைவிடப் பெரிய அரசியல் வேலை எங்களுக்குத் தெரியாது. நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை நம் பிரசங்க பீடங்கள் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகின்றன. வேதத்தில் நாங்கள் அடிக்கடி திரும்பிப் போகும் பக்கம் அது. எருசலேமின் இடிந்த மதிலைப் பழுதுபார்க்கும் வேலையைப் பிரதான ஆசாரியன் எலியாசீப் ஆட்டுவாசலில் தொடங்குகிறான். தட்டார் ஒரு பங்கு, தைலக்காரர் ஒரு பங்கு. சல்லூம் தன் குமாரத்திகளோடு வந்து நிற்கிறான். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். தெக்கோவாவின் பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதும் தவறாமல் பதிவாகியிருக்கிறது. ஊரின் கழிவெல்லாம் வெளியேறும் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் மல்கியா, ஒரு மாகாணத்துப் பிரபு. கதவு, பூட்டு, தாழ்ப்பாள் வரை அவன் போட்டான் என்று எழுதியிருக்கிறது. ஒரு பொதுப்பணிக்கு இதைவிட நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது. யார், எந்த இடம், எதுவரை என்று எல்லாம் அதில் இருக்கிறது.

மதுரைக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதினால் என்ன தேறும்? இந்தச் சமவெளி கண்மாய்களால் வாழ்ந்தது. மடை, கலுங்கு, கரை, வரத்துக் கால்வாய் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாள் இருந்தான். ஊராரே கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது 1858-இல் வெள்ளைக்காரன் அதற்குச் சட்டமே போட்டான். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கட்டடங்களே சாட்சி. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி மாளிகை நிற்கிறது. உலகநேரிக் கண்மாயில் 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன. செல்லூர்க் கண்மாயின் மிகுநீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடிக் கால்வாயைப் பாருங்கள். சாக்கடையும் பிளாஸ்டிக்கும் அடைத்து, பாலத்தடியில் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் வீடுகளுக்குள் புகுந்தது அந்தத் தண்ணீர்தான். புதுப் பாலங்களுக்கு அடிக்கல் நாட்ட ஆள் உண்டு, கால்வாய் தூர்வார ஆள் இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலை.

திருச்சபையிலும் இதே நோய்தான். திருமண்டலத் தேர்தலுக்கு ஓடும் கார்களையும் அணி பிரித்து அச்சாகும் துண்டறிக்கைகளையும் காணாத சேகரம் இல்லை. வெற்றி பெற்றவர் பள்ளி நியமனங்களையும் சொத்துகளையும் கையில் வைத்திருப்பார், தோற்றவர் நீதிமன்றத்துக்குப் போவார். 1947-இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டும் காங்கிரிகேஷனலும் பிரெஸ்பிட்டேரியனும் ஒன்றாகி உலகத்துக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த தென்னிந்திய திருச்சபையின் சினாட் நிர்வாகத்தை, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவர் பொறுப்பில் விட உத்தரவிட்டது. வழக்கு பின்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் கணக்கைத் தானே சரிவர வைக்க இயலாத சபை, நாட்டின் அதிகாரத்தில் எதற்காகப் பங்கு கேட்கிறது?

சிறுபான்மையினர் ஒன்றுபட்டு வாக்களிக்காவிட்டால் யார் காதுகொடுப்பார்கள் என்பார்கள். இன்றைய சூழலில் அது நியாயமான பயம். ஆனால் மதுரையின் வரலாறு வேறு வழியையும் காட்டுகிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் நசுங்கிய கள்ளர்களுக்காக வாதாடினார், மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். ரோசாப்பூ துரை என்று அந்த மக்கள் அவரை அழைத்தார்கள். இவற்றில் ஒன்றும் சபைக்கு வாக்குச் சேர்க்கும் வேலை கிடையாது. அவருக்குக் காதுகொடுத்தவர்கள் அவருடைய சபையை எண்ணிப் பார்த்துக் கொடுக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மரபைக் காப்போம் என்றவர்கள்தானே ஆலயத்தில் இருக்கையையும் வெளியே கல்லறையையும் சாதிவாரியாகப் பிரித்தார்கள்? ஆம், பிரித்தார்கள். அந்தப் பாவத்துக்கு மரபு என்று பெயர் சூட்டியதே முதல் பிழை. உபதேசத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காத அமெரிக்கன் மதுரை மிஷன்தான் 1847-இல், சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண மறுத்த உபதேசியார்களை வேலையிலிருந்து விலக்கியது. ஆட்கள் குறைந்தார்கள், சபைகள் முறுமுறுத்தன. ஆனாலும் மிஷன் தன் முடிவில் நின்றது. நாங்கள் காக்க விரும்பும் பழமை அந்த உறுதிதான்.

ஆகவே வரும் திருமண்டலத் தேர்தலில் நிற்பவரிடமும் மாநகராட்சித் தேர்தலில் நிற்பவரிடமும் சபையார் ஒரே விதமாகக் கேட்கட்டும். இவரிடம், ஆலயக் கூரைக்கு வந்த காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு, தணிக்கை செய்த கணக்கு எங்கே? அவரிடம், பந்தல்குடிக் கால்வாய்க்கு இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, ஐப்பசி மழைக்கு முன் எதுவரை தூர்வாரினார்கள்? பதில் சொல்ல முடிந்தவர் எந்தச் சபையாராக இருந்தாலும், எந்த மதத்தாராக இருந்தாலும் எங்கள் வாக்கு அவருக்கு.