மீன்தொட்டிக்குக் காற்றுப் பம்பு அவசியமா?

காற்றுப் பம்பு வாங்க முடியாததால் மீன் வளர்க்கும் ஆசையையே விட்டுவிடும் மாணவர்கள் உண்டு. அது தேவையில்லை என்பது என் கருத்து. நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே கரைகிறது. குமிழ்களின் முக்கிய வேலை நீரைக் கலக்கிவிடுவதுதான். வாய் அகன்ற தொட்டியும் குறைவான மீன்களும் போதும். உருண்டைக் குடுவையானால் பாதிவரை நிரப்புங்கள். (அழகு குறையும், மீனுக்கு அந்தக் கவலை இல்லை!)

நம் மதுரைக் கோடைதான் சிக்கல். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7தான். வெப்பத்தில் மீனுக்கோ கூடுதலாக வேண்டும். இரவில் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் நெருக்கடியான தொட்டியில் விடியற்காலையில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அப்படி வளர்ப்பவர்கள் சித்திரை, வைகாசியிலாவது பம்பு வைக்கட்டும். மின்சாரம் நின்றுவிட்டால், குவளையில் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றலாம்.

கண்மாய்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கு இந்தத் தொல்லையே இல்லை. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது காற்றையே சுவாசிக்கும். 1791இல் தரங்கம்பாடியில் அம்மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியிருக்கிறார்! கடைகளில் விற்கும் குராமிக்கும் சண்டைமீனுக்கும் அதே உறுப்பு உண்டு. அவற்றின் தொட்டியில் நீருக்கும் மூடிக்கும் நடுவே சிறிது இடம் விட்டால் போதும்.