பழைய ஜீப்புக்கு அலைன்மெண்ட் கடைசி வேலை

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, முன் சக்கரம் உதறினாலோ பழைய ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் உடனே அலைன்மெண்ட் பார்க்கப் போகிறார்கள். பணம் கொடுத்துத் திரும்பிய சில நாட்களில் மறுபடியும் அதே உதறல். பிறகு டயர்தான் காரணம் என்று புது டயர் போடுகிறார்கள். அதுவும் ஓரம் தேய்கிறது. இது வரிசை தவறிய செலவு. தேய்ந்த பாகங்களை அப்படியே விட்டு அலைன்மெண்ட் பார்ப்பது, நிலை ஆடும்போது கதவை இழைப்பது போன்றது.

வில்லீஸ் வழிவந்த பழைய மகேந்திரா ஜீப்புகளில் முன் அச்சு இரு சக்கரங்களுக்கும் ஒன்றுதான். சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பரும், கிங் பின்னின் பின்சாய்வான காஸ்டரும் அச்சு பொருத்தும்போதே அமைந்தவை. டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோ-இன் ஒன்றே. எனவே டயர் ஒரு ஓரத்தில் மட்டும் வழித்ததுபோல் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறதா, கிங் பின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்காகக் கையை ஓட்டும்போது ரம்பப் பல்போல் தட்டினால்தான் டோ-இன் மீது சந்தேகம் வரவேண்டும்.

இரண்டு முன் டயரிலும் காற்றைச் சமமாக்கியபின், ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழே பார்க்கட்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையவில்லையோ, அங்கேதான் தேய்மானம். பெல் கிராங்க் உள்ள மாடல்களில் அதன் புஷ்தான் பெரும்பாலும் முதலில் தேயும். சிறிய சாமான், ஆனால் அது தரும் ஆட்டம் பெரிது.

அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லலாம். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங் தளர்ச்சி. நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

ஆட்டம் தெரிந்ததும் ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. இதை அனுமதிக்கவே கூடாது. அளவுக்கு மேல் இறுக்கினால் வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. போடியிலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புக்கு இது உயிர் போகும் காரியம். கூடுதல் பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பின்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் குறைந்து, வண்டி அலைபாயும்.

மூட்டுகள் சரியான பிறகே டோ-இன். அதையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சமதரையில் சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு முன் டயரிலும் அச்சின் உயரத்தில், முன்பக்கம் சாக்பீஸ் குறி இட்டு, இடைவெளியை அளக்கவும். அந்தக் குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை நகர்த்தி மறுபடி அளக்கவும். முன் அளவு 1 முதல் 2½ மில்லி மீட்டர் வரை குறைவாக இருந்தால் அலைன்மெண்ட் செலவே தேவையில்லை.