கட்டித் தங்கம் காக்கும் என்னும் நம்பிக்கை

நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வீணாகும், ஆகவே முதலீடு என்று எண்ணித் தங்கம் வாங்குவோர் அதைக் கட்டியாகவே வாங்க வேண்டும் என்னும் கருத்து, தமிழகத்தின் நடுத்தரக் குடும்பங்களில் இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மையைப் போல வழங்குகிறது. நகை ஆசையை உணர்ச்சி என்று ஒதுக்கி, கட்டியை அறிவுடையோர் தேர்வு என்று போற்றும் இக்கருத்து பாதி உண்மையிலிருந்து பிறந்தது. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் நகை நல்ல முதலீடு அன்று என்பதிலிருந்து கட்டி நல்ல முதலீடு என்னும் முடிவு பெறப்படுவதில்லை. கடன் விதிகளிலும் வரி நடைமுறையிலும் அங்காடி வழக்கத்திலும் நோக்கினால், ஒரு குடும்பத்தின் கையில் இருக்கக்கூடிய தங்க வடிவங்களுள் மிகவும் ஆதரவற்றது கட்டியே என்பது புலப்படும்.

வார்ப்புக் கட்டி என்பது, உருக்கிய தங்கத்தை அச்சில் ஊற்றி ஆறவிட்டு, அதன் மேல் சுத்திகரிப்பாலையின் முத்திரை, எடை, மாற்று, வரிசை எண் ஆகியவற்றைப் பொறித்துச் செய்யப்படுவது. மாற்று என்பது ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தூய தங்கம் என்னும் அளவு. தகடாக உருட்டி வெட்டி அச்சிடப்படும் கட்டிகளைவிட இதற்குச் செய்செலவு குறைவு, மேற்பரப்பும் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். உலகத் தங்க வணிகத்தின் அடிப்படை அலகாக விளங்கும் இலண்டன் தரக் கட்டியும் வார்ப்புக் கட்டிதான். அது 350 முதல் 430 டிராய் அவுன்ஸ் வரை தூய தங்கம் கொண்டது, மாற்று 995-க்குக் குறையாதது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12½ கிலோ எடை உள்ளது. டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். இந்தியாவுக்கு நெருக்கமான வடிவம் பத்துத் தோலா கட்டி, அதாவது 116.64 கிராம், துபாயிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் படகுகளில் கடத்தி வரப்பட்ட காலத்தில் 'பிஸ்கட்' என்னும் பெயரை இந்நாட்டு மொழிகளுக்குத் தந்தது அதுவே.

இலண்டன் தரக் கட்டி உருக்கப்படாமலும் உரைக்கப்படாமலும் கைமாறுவதற்குக் காரணம் அதன் மேல் உள்ள முத்திரை மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அந்தக் கட்டி ஏற்றுக்கொள்ளப்பட்ட சுத்திகரிப்பாலையிலிருந்து புறப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட காப்பகங்களுக்குள்ளேயே நகர்ந்து, ஒருபோதும் அந்த வளையத்துக்கு வெளியே செல்லாதிருப்பதே அதன் மதிப்புக்கு ஆதாரம். வளையத்தை விட்டு ஒருமுறை வெளியேறிய கட்டி மீண்டும் உள்ளே வரவேண்டுமானால் புதிதாகச் சோதிக்கப்பட வேண்டும். வீட்டுப் பீரோவில் வைக்கப்படும் கட்டி, கடையின் வாசலைத் தாண்டிய அந்த நொடியிலேயே இந்த நம்பிக்கைச் சங்கிலியிலிருந்து அறுந்துவிடுகிறது. வாங்கியவர் கையில் மிஞ்சுவது உலோகமும் ஒரு சான்றுத்தாளுமே. வாங்குபவர் அறியாத இந்த மாற்றத்தை, அதைத் திரும்ப வாங்கப்போகும் வணிகர் நன்றாகவே அறிவார்.

அவருடைய ஐயத்துக்குக் காரணம் உண்டு. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 19.3 கிராம், டங்ஸ்டன் என்னும் விலை குறைந்த உலோகத்தின் அடர்த்தியும் ஏறத்தாழ அதே அளவு. உட்புறம் டங்ஸ்டனும் மேற்புறம் தங்கமுமாக ஆக்கப்பட்ட கட்டியை எடையும் பருமனும் காட்டிக்கொடுப்பதில்லை. உரைகல்லும், பல கடைகளில் உள்ள ஊடுகதிர்ச் சோதனைக் கருவியும் மேற்பரப்பை மட்டுமே அறியும். மெல்லிய வளையலுக்குள்ளோ சங்கிலிக்குள்ளோ வேற்று உலோகத்தை ஒளிப்பதைவிடத் தடித்த கட்டிக்குள் ஒளிப்பது எளிது. சீனாவின் வூஹான் நகர நகை நிறுவனம் ஒன்று கடன்களுக்கு ஈடாக வைத்த 83 டன் தங்கக் கட்டிகளில் ஒரு பகுதியாவது முலாம் பூசிய செம்பு என்று 2020-இல் செய்தி வெளியானது. அடர்த்தியில் தங்கத்தின் பாதிக்கும் குறைவான செம்பே நிதி நிறுவனங்களின் கண்ணில் படாமல் கடந்திருக்கிறது. 2019-இல், சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற ஆலைகளின் முத்திரையைப் போலியாகப் பொறித்த ஒரு கிலோ கட்டிகள் பன்னாட்டு வங்கிக் காப்பகங்களுக்குள்ளேயே கண்டறியப்பட்டன. அவற்றில் தங்கம் உண்மையானது, முத்திரைதான் பொய். இந்தியாவில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய ஹால்மார்க் ஆணை தங்க நகைகளுக்கும் கலைப்பொருள்களுக்கும் உரியது. ஆறு இலக்கத் தனி அடையாளத்துடன் விற்கப்பட வேண்டிய கட்டாயம் ஒரு மோதிரத்துக்கு உண்டு. முதலீடு என்று போற்றப்படும் கட்டியை அந்த ஆணை தொடவில்லை.

ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்பதே தங்கம் குறித்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் காரணம். தமிழகத்தில் அந்த உதவி பெரும்பாலும் விற்பனையால் கிடைப்பதன்று, அடகால் கிடைப்பது. விதைப்புக்கும் கல்விக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் நகை வங்கிக்குச் சென்று, அறுவடைக்குப் பின்னோ சீட்டு எடுத்த பின்னோ மீண்டு வருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளோ தங்கக் கட்டியின் பேரில் கடன் வழங்குவதை வங்கிகளுக்கும் நகைக்கடன் நிறுவனங்களுக்கும் தடை செய்கின்றன. நாணயங்களுக்கு மட்டும், அதுவும் 50 கிராம் வரை, விலக்கு உண்டு. தங்கத்தைப் பதுக்கி விலையேற்றத்தில் ஊகம் செய்வோருக்கு வங்கிப் பணம் செல்லக்கூடாது என்பதே இத்தடையின் நோக்கம். ஆகவே பத்துப் பவுன் சங்கிலி உடையவருக்குக் கூட்டுறவு வங்கியில் அரைமணி நேரத்தில் கிடைக்கும் கடன், அதே எடையுள்ள கட்டி உடையவருக்குக் கிடைக்காது. அவர் விற்க வேண்டும், அல்லது தம் பொறுப்பில் ஏற்கத் துணியும் அடகுக் கடைக்காரரைத் தேடி அவர் கேட்கும் வட்டியைத் தரவேண்டும். 2021-இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோதும் பயனடைந்தோர் நகை உடையோரே.

வரித்துறையின் நடைமுறையும் இதே திசையில் செல்கிறது. வருமான வரிச் சோதனையின்போது திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை கைப்பற்றப்படாது என்று பலரும் நினைவில் வைத்திருக்கும் சலுகை, 1994 மே மாதத்தில் மத்திய நேரடி வரிகள் வாரியம் பிறப்பித்த அறிவுறுத்தலிலிருந்து வந்தது; அந்த அறிவுறுத்தல் நகைகளையும் ஆபரணங்களையும் மட்டுமே குறிக்கிறது, கட்டியை அன்று. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைத் தொடர்ந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் கட்டித் தங்கம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1990-இல் அச்சட்டம் நீக்கப்படும் வரை, ஒரு முழுத் தலைமுறைக்கு, தாலியும் வளையலும் வீட்டில் இருக்கலாம், கட்டி இருக்கலாகாது. அமெரிக்காவில் 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையும் நாணயங்களையும் கட்டிகளையும் அவுன்சுக்கு 20.67 டாலர் வீதம் ஒப்படைக்கச் சொன்னது; அடுத்த ஆண்டு சனவரியில் அரசு அதன் விலையை 35 டாலர் என்று உயர்த்தியபோது ஒப்படைத்தவர்களுக்கு அந்த உயர்வில் பங்கில்லை. எந்த அரசும் தொடமுடியாத செல்வம் என்று கட்டியைப் போற்றுவோர், நெருக்கடி வந்தபோது அரசுகள் முதலில் கைவைத்தது அதன் மேல்தான் என்னும் வரலாற்றைக் கருதுவதில்லை.

வங்கிப் பெட்டகம் பாதுகாப்பானது என்னும் எண்ணத்துக்கும் எல்லை உண்டு. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு மட்டுமே. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகையானால் மூன்று லட்சம்; 10 கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய 2025-இல் அது 30 கிராமுக்குக்கூட ஈடாகவில்லை.

தங்கம் என்றும் நட்டம் தராது என்னும் கூற்றே இந்த நம்பிக்கையின் மையத்தூண். 1980 சனவரி 21 அன்று இலண்டனில் அவுன்ஸ் 850 டாலருக்கு விற்ற தங்கம், 2001 ஏப்ரலில் சுமார் 256 டாலருக்கு வீழ்ந்தது. பழைய 850 டாலரை மீண்டும் எட்ட 2008 சனவரி வரை, 28 ஆண்டுகள் சென்றன. இந்தியர் இந்த வீழ்ச்சியை உணரவில்லை, ஏனெனில் அதே காலத்தில் டாலர் ஏறத்தாழ 8 ரூபாயிலிருந்து 47 ரூபாய்க்கு ஏறியது. தங்கம் உயர்ந்ததாக இங்குத் தோன்றியது, ரூபாய் தாழ்ந்ததன் நிழல். அந்த நிழலும் நீளமானதன்று. 1980-81-இல் 10 கிராம் சராசரியாகச் சுமார் 1,500 ரூபாய், 2000-01-இல் சுமார் 4,500 ரூபாய். இருபது ஆண்டில் மூன்று மடங்கு. தொழிலாளர் நுகர்வோர் விலைக்குறியீடோ அதே காலத்தில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. அரிசியும் துணியும் வீட்டு வாடகையும் வாங்கும் ஆற்றலில் அந்தக் கட்டி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. 1986-இல் வந்த இந்திரா விகாஸ் பத்திரம் ஐந்து ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கியது. 1988-இல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாக்கியது. சிற்றூரின் அஞ்சலகச் சாளரத்திலேயே கிடைத்த அந்தத் தாள்களை வாங்கியவர் எவரும் தம்மை முதலீட்டு வல்லுநர் என்று கருதியிருக்கமாட்டார். ஆயினும் அவர் ஈட்டியது கட்டி வைத்திருந்தவரைவிட மிக அதிகம்.

உச்ச விலையைத் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொள்வது முறையன்று என்று மறுப்போர் உண்டு. ஆனால் மக்கள் கடைகளில் நெருக்கியடிப்பது விலை ஏறி அது செய்தியாகும் நாள்களில்தான். ஆகவே உச்சத்தில் வாங்குவது விதிவிலக்கு அன்று, வழக்கம். 2012-இல் 10 கிராம் சுமார் 31,000 ரூபாய்க்கு வாங்கியவர் 2018-லும் ஏறத்தாழ அதே விலையைத்தான் கண்டார். அந்த ஆறு ஆண்டில் வைப்புநிதியில் இட்ட பணம் பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும். 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக மைய வங்கிகள் ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியதும், 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதும் உண்மையே. அந்த ஏற்றத்தில் ஆதாயம் அடைந்தவரின் மகிழ்ச்சியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மைய வங்கி வாங்குகிறது, ஆகவே குடும்பமும் வாங்கலாம் என்னும் வாதம் நிற்காது. 1991 சூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் சப்பான் வங்கியிடமும் ஈடுவைத்துச் சுமார் 40 கோடி டாலர் பெற்று நாட்டின் மானத்தைக் காத்தது என்னும் நிகழ்ச்சி இந்த வாதத்துக்குத் துணையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தத் தங்கம் உதவியது அதை ஈடாக ஏற்கும் வங்கி இருந்ததால்; கட்டியை ஈடாக ஏற்கும் வங்கி குடும்பத்துக்கு இல்லை என்பதே இங்குள்ள வேறுபாடு.

இந்நாட்டில் தங்கத்தின் விலை வேறொரு கையாலும் ஆட்டப்படுகிறது. கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின் இந்தியா ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. அதனால் இறக்குமதித் தீர்வையும் விலையின் ஒரு பகுதி. 2022 சூலையில் 15 விழுக்காடாக உயர்ந்த தீர்வை, 2024 சூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் சென்னையில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. உலகச் சந்தையில் எதுவும் நிகழாத நாளில் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. தங்க இறக்குமதி பெருகும்போது அன்னியச் செலாவணி வெளியேறி ரூபாய் வலுவிழப்பதும் உண்டு. 2012-13-இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காட்டை எட்டியதற்குத் தங்கம் ஒரு முக்கியக் காரணம். ரூபாய் வலுவிழந்தால் தங்கத்தின் ரூபாய் விலை ஏறும். ஏறியதைக் கண்டு நம்பிக்கை உறுதிப்படும். மேலும் வாங்கத் தூண்டும். தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தச் சுழலை முதலீட்டறிவு என்று அழைப்பது பொருந்தாது.

விலை ஏறினால் மட்டுமே ஆதாயம் தரும் பொருளில் வாங்கும் செலவே முதல் நட்டம். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள கட்டிக்கு 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்து 1,03,000 ரூபாய் ஆகிறது; விற்கும்போது கடைக்காரர் 2 விழுக்காடு கழிப்பதாகக் கொண்டால் கைக்கு வருவது 98,000. அசலை மீட்கவே விலை 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏறவேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் 12.5 விழுக்காடு வரியும் உண்டு. சிறிய கட்டிகளுக்குக் கிராமுக்கான கூடுதல் விலை வேறு. தங்கத்தின் விலையேற்றத்தில் பங்கு வேண்டுவோருக்கு 2015 முதல் 2024 வரை அரசு தங்கப் பத்திரம் வெளியிட்டது. அது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியும் தந்தது, தொடக்க வெளியீடுகளில் 2.75. அந்த ஆண்டுகளில்கூடக் கட்டியை வாங்கிப் பூட்டியவர்கள் வட்டியை இழந்து, பாதுகாக்கும் கவலையைக் காசு கொடுத்துப் பெற்றனர்.

கட்டியை விற்கும் நாளில் நிகழ்வது இது: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இருபதாயிரம் ரூபாய் தேவைப்பட்டாலும் நூறு கிராம் கட்டி முழுவதையும் விற்க வேண்டும், ஏனெனில் துண்டாக்கினால் முத்திரையும் எடைக்குறியும் பொருளற்றுவிடும். விற்ற கடைக்கே கொண்டு சென்றால் பெரும்பாலும் பழைய விலைச்சீட்டு கேட்கப்படும். வேறு கடையானால் கட்டி பட்டறைக்குப் போகும். சுத்திகரிப்பாலையின் பெயர், நான்கு ஒன்பதுகளாகப் பொறித்த மாற்று, வரிசை எண் ஆகிய எவற்றின் பொருட்டு சாதாரண உருக்குத் தங்கத்தைவிட அதிக விலை கொடுக்கப்பட்டதோ, அவை அனைத்தும் மூசையில் கரைந்துபோகின்றன. ஆறிய உலோகத்தைச் சுரண்டி மாற்றுப் பார்த்து, பழைய வளையல்களுக்கும் அறுந்த சங்கிலிகளுக்கும் போடும் அதே கணக்கில், அன்றைய விலைக்குச் சற்றுக் குறைவாகப் பணம் எண்ணிக் கொடுக்கப்படுகிறது.