தடை யாரைத் தொட வேண்டும்?

இலங்கைத் தீவு முழுவதன் மீதும் பொருளாதாரத் தடை விதிக்குமாறு உலக வல்லரசுகளைக் கேட்க வேண்டும் என்று நம்மவருள் ஒரு சாரார் முழங்கி வருகின்றனர். அவர்தம் கோபம் நியாயமானது. கோரிக்கை நியாயமானதா?

தடை என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தானுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1987 சனவரியில் எரிபொருள் மறிக்கப்பட்டது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி, சீமெந்து, பசளை யாவும் தடைப் பட்டியலில் ஏறின. மின்சாரம் அற்றுப்போன குடாநாட்டில் ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, அந்த மினுக்கொளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பனம்பழத்தைப் பிசைந்து துணி வெளுத்தோம். மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிக்க நாலு துளி பெற்றோல் வைத்திருந்தவன் பாக்கியவான்! இன்று சொல்லச் சிரிப்பு வருகிறது. மருந்து கிட்டாமல் நோயாளி கிடந்த வீடுகளிலே அன்று எவரும் சிரிக்கவில்லை.

இவ்வளவும் யாரை மண்டியிடச் செய்ய? ஆயுதம் ஏந்தியவர்களுக்கு வேண்டியவை கடல்வழியே வந்து சேர்ந்தன. கள்ளச் சந்தை கொழுத்தது. தடை தாண்டி வந்த பொருளுக்கு இயக்கமும் வரி அறவிட்டது; இதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். வயிறு காய்ந்தவன் கூலிக்காரனே. அதே 1990 ஆகஸ்டில் ஐ. நா. பாதுகாப்புச் சபை ஈராக்கின் மீது விதித்த தடையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சதாம் உசேனின் ஆட்சி பங்கீட்டு உணவைத் தன் கையில் வைத்துக்கொண்டு குடிகளை மேலும் இறுக்கிற்றே ஒழிய, தடையால் வீழவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் நிறுத்தி 2017 இல் மீள வழங்கிய ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையைச் சிலர் எடுத்துக்காட்டுவர். சலுகையை மறுப்பதும் உணவை மறிப்பதும் ஒன்றாகா. ஆயினும் ஆடைத் தொழிற்சாலைகளில் இன்று கிளிநொச்சிப் பெண்களும் உழைக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணினார்களா?

மிருசுவிலை நினைத்துப் பாருங்கள். 2000 டிசம்பரில் அங்கே எட்டுத் தமிழரைக் கொன்றமைக்காக 2015 இல் மரண தண்டனை பெற்ற சுனில் இரத்நாயக்க, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பால் வெளியே வந்தார். 2023 சனவரியில் கனடா அவரையும், மன்னிப்பு வழங்கிய கோட்டாபய ராஜபக்ஷவையும், மகிந்தவையும் தடைப் பட்டியலில் இட்டது. 2025 மார்ச்சில் பிரித்தானியா மூன்று முன்னாள் தளபதிகளோடு கருணாவையும் சேர்த்தது. இதனால் மாத்தறையிலோ மன்னாரிலோ ஓர் அடுப்பும் அணையவில்லை. இது நீதிமன்றத் தீர்ப்பாகாது; சாட்சி விசாரணையும் இங்கில்லை. எனினும் குற்றஞ் சாட்டப்பட்டவனைப் பெயர் சொல்லித் தொடுகிறது. ஒட்டாவாவுக்கும் இலண்டனுக்கும் மனுக் கொண்டு செல்வோர் அந்தப் பட்டியலை நீட்டும்படி கேட்கட்டும். அரிசி மூடையை மறிக்கும்படி நம் பெயரால் கேட்க வேண்டாம்.